றோமாபுரி வழியாக மாதோட்டம்

எங்கள் பாடசாலை நிற்கும் புதுக்கடையை ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப் என்பார்கள். 1656 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க நடந்த முற்றுகையில் உயிரிழந்த ஒல்லாந்துத் தளபதி ஹுல்ஃப்ட் என்பவரின் பெயர் அது. இதை எங்களுக்குச் சொல்லித்தந்தவர் வரலாறு கற்பித்த ரீச்சர். நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது அவர் நினைவே முதலில் வந்தது.

1996 இல் நாங்கள் உரோமர் வரலாறு படித்தோம். போர்க்காலம் என்பதால் அந்த ஆண்டு எங்கள் வகுப்புக்குக் கல்விச் சுற்றுலா கிடைக்கவில்லை. ரீச்சர் இலங்கைப் படத்தைத் தொங்கவிட்டு, மன்னார்த் தீவுக்கு எதிர்க்கரையில் ஒரு புள்ளியைக் காட்டினார். "இதுதான் மாதோட்டம். மேற்கேயிருந்து வந்த சரக்கெல்லாம் இறங்கின துறைமுகம்" என்றார். எப்போது போகலாம் என்று ஒருத்தி கேட்டாள். "இப்ப போகேலாது பிள்ளையள். பாதை திறந்தாப் பிறகு கட்டாயம் போய்ப் பாருங்கோ."

பாதை திறக்க முன்னரே நான் றோமாபுரியைப் பார்த்துவிட்டேன். 2007 இல், மருத்துவ பீட இறுதியாண்டில், இலண்டன் வைத்தியசாலை ஒன்றில் சில வாரங்கள் பயிலும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கிருந்த மச்சாளுடன் நான்கு நாட்கள் இத்தாலி போனேன். றோமில் கொலோசியம் அரங்கையும் இடிந்த மன்றத்தையும் பார்த்துவிட்டு, ரயிலில் நேப்பிள்ஸ் போய், அங்கிருந்து பொம்பெயி சென்றோம்.

கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த ஊர் பொம்பெயி. தெருக்கள் அப்படியே கிடக்கின்றன. வண்டிச் சில்லுகள் கல்லில் பதித்த தடமும், சாப்பாட்டுக் கடையின் மேடையும், அப்பம் சுட்ட அடுப்பும் இருக்கின்றன. அங்கு கிடைத்த பொருட்களில் பலவற்றை நேப்பிள்ஸ் நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள். அவற்றில் சத்திரசிகிச்சைக் கருவிகளும் உண்டு. பெண்நோயியல் வார்ட்டில் நாங்கள் கையாளும் கருவியைப் போலவே, திருகினால் விரியும் வெண்கலக் கருவி ஒன்றைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளில் அதன் அமைப்பு அதிகம் மாறவில்லை.

அதே நூதனசாலையில் யானைத்தந்தச் சிலை ஒன்றும் இருக்கிறது. 1938 இல் பொம்பெயியின் வீடொன்றில் கிடைத்தது. ஒரு சாண் உயரம் இருக்கும். இந்தியாவில் செதுக்கப்பட்டது. முதலில் இலட்சுமி என்றார்கள்; இயக்கியாக இருக்கலாம் என்பது பின்வந்த கருத்து. நகை நிறைந்த கழுத்தையும் கையையும் பார்த்தபோது ரீச்சரின் படமும் புள்ளியும் ஞாபகத்துக்கு வந்தன.

இந்த எரிமலைக்கும் எங்கள் தீவுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. இலங்கையைத் தப்ரபேன் என்ற பெயரில் விரிவாக எழுதிய உரோம அறிஞர் மூத்த பிளினி, அந்த வெடிப்பின்போதுதான் இறந்தார். அவர் எழுதிவைத்த செய்தி இது: செங்கடலில் வரி வசூலித்த ஒருவரின் ஆள், காற்றில் அள்ளுண்டு தப்ரபேனின் துறைமுகம் ஒன்றில் கரையேறினான். அவனிடமிருந்த உரோமக் காசுகளில் வெவ்வேறு மன்னர்களின் தலைகள் இருந்தும் நிறை ஒன்றாகவே இருந்ததை இத்தீவின் அரசன் கவனித்தான். இவர்கள் நேர்மையானவர்கள் என்று மெச்சி, கிளோடியஸ் மன்னனிடம் நான்கு தூதரை அனுப்பினான். கிளோடியஸின் ஆட்சிக்காலம் கி.பி. 41 முதல் 54 வரை. றோமில் நிழல் வடக்கே விழுவதைக் கண்டு தூதர்கள் வியந்தார்களாம். இங்கே ஆண்டில் சில மாதங்கள் நண்பகல் நிழல் தெற்கே விழும்; அங்கே எப்போதும் வடக்கேதான். ஆக, றோமாபுரியை வாய்பிளந்து பார்த்த முதல் இலங்கையர் நாங்கள் இல்லை.

2011 இல்தான் மாதோட்டம் போனேன். மாந்தை என்றும் அந்த இடத்தைச் சொல்வார்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீஸ்வரம் அங்கே, பாலாவித் தீர்த்தக் கரையில் இருக்கிறது. பழைய நகரம் ஒரு மேடாகக் கிடக்கிறது. பொம்பெயியைப்போலத் தூணோ தெருவோ இல்லை. புல்லும் பற்றையும் ஓட்டுத் துண்டுகளும்தான். முதலில் ஏமாற்றமாகவே இருந்தது.

ஆனால் மண்ணுக்குள் இருப்பது வேறு. ஜோன் காஸ்வெல் தலைமையில் நடந்த அகழ்வு போரினால் 1984 இல் நின்றுபோனது. போர் முடிந்த பின் மீண்டும் தோண்டியபோது கருகிய தானியங்களுடன் மிளகும் கராம்பும் கிடைத்தன. கராம்பு அன்று விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். அந்த வரண்ட கரையில் விளையாத கோதுமையும் திராட்சை விதையும்கூட அகப்பட்டன. கிழக்கும் மேற்கும் சந்தித்த சந்தை அது என்பதற்கு அந்த விதைகளே சாட்சி. ரீச்சர் சொன்னது சரிதான்.

அவர் மாதோட்டத்தைப் பார்க்கவேயில்லை. பாதை திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. 25 ஆண்டுக்கும் மேலாக ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொந்த நாட்டின் துறைமுகம் படத்தில் ஒரு புள்ளியாக மட்டுமே இருந்தது. எங்களில் பலர் அதையும் மறந்து கடல்கடந்து போய்விட்டோம்.

இந்த மலரை எந்த நாட்டிலிருந்து வாசித்தாலும், அடுத்த விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகளை மாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கொழும்பிலிருந்து ஒரு பகல் பயணம்தான். பாடசாலைக்கும் ஒரு வேண்டுகோள்: ஆண்டுதோறும் ஒரு வகுப்பையாவது அங்கே அனுப்புங்கள். அதற்கான பஸ் செலவைப் பழைய மாணவிகள் சங்கம் ஏற்கலாம். முதலாவது பயணத்துக்கான பங்கை நான் தருகிறேன்.