மிக் லாலி

மிக் லாலி (நவம்பர் 10, 1945 - ஆகஸ்ட் 31, 2010) அயர்லாந்தைச் சேர்ந்த நாடக, தொலைக்காட்சி, திரைப்பட நடிகர் ஆவார். ஐரிய மொழி, ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் நடித்தவர். ஆர்டிஈ தொலைக்காட்சியில் 1983 முதல் 2001 வரை ஒளிபரப்பான கிளென்ரோ என்னும் தொடரில் மைலி பேர்ன் என்ற உழவராக நடித்து நாடெங்கும் அறியப்பட்டார். கால்வே நகரின் ட்ரூயிட் நாடகக் குழுவை நிறுவிய மூவருள் ஒருவர்.

== இளமைக்காலம் ==
மிக் லாலி அயர்லாந்தின் மேற்கில் மேயோ கவுண்டியிலுள்ள டூர்மகேடி என்னும் ஊர்ப்பகுதியில் பிறந்தார். உடன்பிறந்தோர் எழுவருள் இவரே மூத்தவர். டூர்மகேடி, கேல்டாக்ட் எனப்படும் ஐரிய மொழி வழங்கும் பகுதிகளுள் ஒன்றாகும். ஐரிய மொழி அயர்லாந்தின் அரசியலமைப்பில் முதல் ஆட்சி மொழி என்னும் இடத்தைப் பெற்றிருந்தாலும், அன்றாடப் பேச்சு மொழியாக அது பெரும்பாலும் மேற்குக் கடற்கரையோரப் பகுதிகளிலேயே எஞ்சியிருந்தது. பிற இடங்களில் ஆங்கிலமே வழக்கில் இருந்தது.

கால்வேயில் பல்கலைக்கழகக் கல்வி பெற்ற பின், டியூம் நகரப் பள்ளியொன்றில் வரலாறும் ஐரிய மொழியும் கற்பிக்கும் ஆசிரியராகப் பணியாற்றினார். அக்காலத்தில் கால்வேயிலுள்ள டைவ்யார்க் அரங்கில் நடித்து வந்தார். 1928 இல் தொடங்கப்பட்ட இவ்வரங்கு ஐரிய மொழி நாடகங்களுக்கெனவே அமைந்ததாகும். லாலியின் நடிப்புப் பயிற்சி பெரிதும் இங்குதான் நிகழ்ந்தது.

== ட்ரூயிட் நாடகக் குழு ==
1975 இல் லாலி ஆசிரியப் பணியை விட்டு விலகினார். அதே ஆண்டு கேரி ஹைன்ஸ், மேரி முல்லன் ஆகியோருடன் இணைந்து ட்ரூயிட் நாடகக் குழுவைத் தொடங்கினார். ஹைன்சும் முல்லனும் அப்போதுதான் பல்கலைக்கழக மாணவர் நாடகங்களிலிருந்து வந்திருந்தனர். நிலையான ஊதியம் பெற்றுவந்த லாலிக்கு இது துணிந்து எடுத்த முடிவாகும். அதுவரை அயர்லாந்தின் தொழில்முறை நாடகம் ஏறத்தாழ முழுவதும் தலைநகர் டப்ளினைச் சார்ந்தே இருந்தது. டப்ளினுக்கு வெளியே நிலைகொண்ட முதல் தொழில்முறை நாடகக் குழு ட்ரூயிட் ஆகும். ஜே. எம். சிங் எழுதிய, மேயோ கடற்கரையைக் களமாகக் கொண்ட "த பிளேபாய் ஆஃப் த வெஸ்டர்ன் வேர்ல்ட்" என்னும் நாடகமே இக்குழுவின் முதல் அரங்கேற்றம். பின்னர் 1998 இல் கேரி ஹைன்ஸ் இக்குழுவின் நாடகம் ஒன்றுக்காக, நாடக இயக்கத்திற்கான அமெரிக்காவின் டோனி விருதைப் பெற்ற முதல் பெண்மணி ஆனார்.

தொலைக்காட்சியால் புகழ் பெற்ற பின்னரும் லாலி ட்ரூயிட் மேடைக்குத் திரும்பி வந்தார். மார்ட்டின் மெக்டோனா எழுதி 1997 இல் அரங்கேறிய "எ ஸ்கல் இன் கொனமாரா" நாடகத்தில், புதிய சடலங்களுக்கு இடம் வேண்டிப் பழைய எலும்புகளைத் தோண்டியெடுக்கும் மிக் டவுட் என்னும் முதன்மை வேடத்தை ஏற்றார்.

== டிரான்ஸ்லேஷன்ஸ் ==
1980 செப்டம்பரில் டெர்ரி நகரில் அரங்கேறிய பிரையன் ஃப்ரீலின் "டிரான்ஸ்லேஷன்ஸ்" நாடகத்தில் லாலி மானஸ் என்னும் வேடத்தில் நடித்தார். ஸ்டீபன் ரே, லியம் நீசன், ரே மெக்கனலி ஆகியோர் உடன் நடித்தனர்.

இந்நாடகம் 1833 இல் டானிகால் பகுதியின் சிற்றூர் ஒன்றில் நிகழ்கிறது. பிரித்தானியப் படையினர் நில அளவை செய்து, ஐரிய மொழி ஊர்ப்பெயர்களை ஆங்கில வடிவில் மாற்றி வரைபடத்தில் பதிகின்றனர். மானஸ் அவ்வூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியரின் மூத்த மகன். ஊதியமின்றித் தந்தைக்கு உதவியாகக் கற்பிப்பவன். ஊர் மக்கள் ஐரிய மொழி பேசுவதாகக் கதை அமைந்திருந்தும், அவர்களின் உரையாடல் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டுள்ளது. பார்வையாளரில் பெரும்பாலோர்க்கு ஐரிய மொழி புரியாது என்பதே இதற்கு ஏதுவாகும். நாடகம் சொல்லும் இழப்பு இவ்வாறு நாடகத்தின் வடிவத்திலும் வெளிப்படுகிறது. மானஸாக நடித்த லாலி, சில ஆண்டுகளுக்கு முன்வரை ஐரிய மொழி ஆசிரியராக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

== தொலைக்காட்சி ==
மைலி பேர்ன் என்னும் பாத்திரம் முதலில் பிராக்கன் என்ற தொடரில் இடம்பெற்றது. கேப்ரியல் பேர்ன் முதன்மை வேடமேற்ற இத்தொடர் 1980 முதல் 1982 வரை ஒளிபரப்பானது. இதன் தொடர்ச்சியாக எழுத்தாளர் வெஸ்லி பரோஸ் உருவாக்கியதே கிளென்ரோ. விக்லோ கவுண்டியின் கற்பனைச் சிற்றூர் ஒன்றைக் களமாகக் கொண்ட இத்தொடர் ஞாயிறு மாலைகளில் ஒளிபரப்பானது. மைலியின் தந்தை டினியாக ஜோ லின்ச்சும், மனைவி பிடியாக மேரி மெக்இவாயும் நடித்தனர். மைலி கூச்சமும் நேர்மையும் மிக்க மலைப்பகுதி உழவர். வேளாண்மை சார்ந்த சிற்றூர்கள் விரைவாக மாறிவந்த ஆண்டுகளில், அம்மாற்றத்தை இத்தொடர் ஒரு குடும்பத்தின் வழியே காட்டியது. லாலி பாடிய "த பை-ரோட் டு கிளென்ரோ" என்னும் பாடல் 1990 இல் அயர்லாந்தின் இசை விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

பதினெட்டு ஆண்டுகள் ஒரே வேடத்தில் நடித்ததால் மக்கள் பலர் அவரை மைலியாகவே கண்டனர். அவரது மேடைப் பணியும் ஐரிய மொழிப் பணியும் இப்புகழின் நிழலில் மறைந்து நின்றன. ஐரிய மொழிக்கெனத் தனித் தொலைக்காட்சி 1996 இல்தான் தொடங்கப்பட்டது; 1999 முதல் அது டிஜி4 என்னும் பெயர் பெற்றது. லாலி தம் கடைசி ஆண்டுகளில் அதன் ரோஸ் ந ரூன் என்னும் ஐரிய மொழித் தொடரில் நடித்தார்.

== திரைப்படங்கள் ==
* பொட்சீன் (1978) - பாப் குவின் இயக்கியது. முழுவதும் ஐரிய மொழியில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படமாகக் கருதப்படுகிறது. லாலி ஒரு சிறு வேடத்தில் நடித்தார்.
* த சீக்ரெட் ஆஃப் ரோன் இனிஷ் (1994) - ஜான் செய்ல்ஸ் இயக்கியது. பிறந்த தீவை விட்டுக் கரைக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் பாட்டனாராக நடித்தார். ரோன் இனிஷ் என்பது ஐரிய மொழிச் சொற்களாலான பெயர். கடல்நாய்த் தீவு எனப் பொருள்படும்.
* அலெக்சாண்டர் (2004) - ஆலிவர் ஸ்டோன் இயக்கியது. குதிரை விற்பவராகத் தோன்றினார்.
* த சீக்ரெட் ஆஃப் கெல்ஸ் (2009) - அசைவூட்டப்படம். வைக்கிங்குகளிடமிருந்து ஓர் ஓவியச் சுவடியைக் காத்துக் கொண்டுவரும் துறவி ஐடனுக்குக் குரல் கொடுத்தார். இப்படம் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

== மறைவு ==
மிக் லாலி 2010 ஆகஸ்ட் 31 அன்று டப்ளினில் தமது 64 ஆவது அகவையில் காலமானார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் அவருக்கு இருந்தனர். மனைவி பெகீ, ஐரிய மொழி பேசப்படும் அரான் தீவுகளுள் ஒன்றான இனிஷ்மானைச் சேர்ந்தவர்.