பூவரசம்பூ கேட்ட கணக்கு

திருகோணமலையிலிருந்து சல்லிக்குப் போகிறவர்கள் உப்புவெளியில், நிலாவெளி வீதியோரம், இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பார்கள். போரில் சாவது யார், சம்பாதிப்பது யார் என்ற கேள்வியை அந்தப் போர் தொடங்குமுன்பே இலங்கையில் சிலர் எழுப்பிவிட்டார்கள்.

அது பூவில் தொடங்கியது. அந்நாட்களில் ஆண்டுதோறும் நவம்பர் 11இல் முதல் உலகப் போர் நினைவாகச் சிவப்புப் பொப்பிப்பூ விற்பார்கள். திரளும் பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போய்விடும். 1933இல் இடதுசாரி இளைஞர்கள் அதே நாளில் பூவரசம்பூவோடு தெருவில் இறங்கினார்கள். ஆம், நம்மூர் வேலிகளில் கதியாலோடு கதியாலாக நிற்கும் பூவரசின் மஞ்சள் பூதான். சிங்களத்தில் சூரிய மல். மலேரியா ஊரூராகக் கொன்ற 1934-35இல் மருந்தும் உணவும் கொண்டு போனவர்களும் இவர்களே.

அவர்களில் என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவானார்கள். 1939இல் போர் மூண்டதும், இது பேரரசுகளின் சந்தைச் சண்டை, இதன் செலவை அடிமை நாட்டு ஏழைகள் ஏன் சுமக்க வேண்டும் என்று எதிர்த்தார்கள். வெறும் வாய்ப்பேச்சல்ல. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் விழுந்தார். அவருடைய மனைவிக்காக விசாரணைக் குழுவின் முன் வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. (1972 அரசியலமைப்பில் இதே கொல்வின் தமிழருக்கு இழைத்ததை நான் மறக்கவில்லை; அதற்காக முல்லோயாவை மறைக்கவும் மாட்டேன்.)

1940 ஜூனில் என்.எம்., பிலிப், கொல்வின் ஆகிய மூவரையும் அவர்களின் தோழர் எட்மண்ட் சமரக்கொடியையும் விசாரணையின்றிச் சிறையில் அடைத்தார்கள். 1942 ஏப்ரலில் கண்டிச் சிறையிலிருந்து நால்வரும் தப்பினார்கள். அதே மாதம் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடாவில் ஓர் எண்ணெய்க் குதத்தின் மீது விமானமே வந்து மோதியது. பேரரசு தன் கப்பல்களுக்குக் கட்டிய தளம். குண்டு விழுந்ததோ எங்கள் கரையில்.

சுதந்திரத்தோடும் அந்தத் தளம் கைமாறவில்லை. 1947இல், அதுவும் நவம்பர் 11இல், கையெழுத்தான பாதுகாப்பு உடன்படிக்கை பிரித்தானியக் கடற்படையைத் துறைமுகத்திலேயே இருக்கவிட்டது. இது போலிச் சுதந்திரம் என்று சமசமாஜிகள் எனப்பட்ட இந்த இடதுசாரிகள் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். தளம் கைக்கு வந்தது 1957 ஒக்டோபர் 15இல், பண்டாரநாயக்க ஆட்சியில். அப்போது என்.எம். எதிர்க்கட்சித் தலைவர், பிலிப் அமைச்சர்.

கடற்படை போனது. எண்ணெய்க் குதங்களுக்கான போட்டி போகவில்லை.

(தொடரும்)