40க்கு 29: போக்கிமானும் அதன் முதல் மதிப்புரையும்

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் ‘பாக்கெட் மான்ஸ்டர்ஸ்’ என்னும் பாத்திரமேற்பு விளையாட்டு, கேம் பாய் கையடக்கக் கருவிக்காகச் சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக வெளிவந்தது. நான்கு திறனாய்வாளர்கள் தலா பத்து மதிப்பெண்ணுக்கு மதிப்பிடுவது ஃபமிட்சு இதழின் வழக்கம். அவர்கள் இதற்கு அளித்த மொத்தம் 40க்கு 29. இழிவான மதிப்பெண் அன்று. விருப்பமிருப்பவர் வாங்கலாம் என்னும் தரத்தது. பின்னர் வந்த நீலப் பதிப்பையும் சேர்த்து ஜப்பானில் மட்டும் ஒரு கோடிப் படிகளுக்கு மேலும், உலகெங்கும் மூன்று கோடிக்கு மேலும் விற்றன. இவ்விடைவெளியைத் திறனாய்வாளரின் பார்வைக்குறை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அம்மதிப்பெண், அது எழுதப்பட்ட வாரத்தில் நியாயமானதாகவே இருந்தது என்பதுதான் இதில் ஆராயத்தக்க செய்தி.

இலக்கிய ஏற்புக் கோட்பாட்டில் யாவ்ஸ் சொல்லும் ‘எதிர்பார்ப்பின் அடிவானம்’ இங்கே மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. கேம் பாய் 1989இல் வந்தது. 1996இல் அதற்கு ஏழு வயது. வண்ணமற்ற, நான்கு சாயல் மட்டுமே காட்டும் திரை. சேகா சாட்டர்னும் பிளேஸ்டேஷனும் 1994 இறுதியிலேயே முப்பரிமாணக் காட்சிகளை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தன. நின்டெண்டோ 64 நான்கு மாதத்தில் வரவிருந்தது. கையடக்கக் கருவியில் பாத்திரமேற்பு விளையாட்டு என்பதும் புதுமையன்று. ஸ்கொயர் நிறுவனத்தின் ‘சாகா’ 1989இலேயே அதைச் செய்துகாட்டிவிட்டது. ஒரு கதை, சில போர்கள், காலங்கடந்த கருவி: இந்த அடிவானத்துக்குள் நின்று பார்த்தால் 29 என்பது தாராளமான மதிப்பெண்ணாகவும் தோன்றக்கூடும்.

அந்த அடிவானத்துக்குள் அடங்காதது ஒரு கேபிள். இரண்டு கேம் பாய்களை இணைக்கும் அக்கம்பி தொடக்கம் முதலே உண்டு. டெட்ரிஸ் போன்ற விளையாட்டுகளில் எதிராளியோடு மோத அது பயன்பட்டது. கேம் ஃப்ரீக் நிறுவனத்தைத் தொடங்கிய சதோஷி தஜிரி, டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் பூச்சி பிடித்துத் திரிந்த சிறுவன். அக்கம்பி வழியே பூச்சி ஊர்ந்து ஒரு கருவியிலிருந்து மற்றதற்குச் செல்வதாக அவர் கற்பனை செய்தார். போட்டிக்கான கம்பி பண்டமாற்றுக்கானதாயிற்று. சிவப்பில் கிடைக்கும் சில உயிரிகள் பச்சையில் இல்லை. பச்சையிலுள்ள சில சிவப்பில் இல்லை. இன்னும் சில, கைமாறினால் மட்டுமே வளர்ந்து அடுத்த வடிவம் எடுக்கும். எந்தப் பதிப்பை வாங்கினாலும் தனியொருவரால் தொகுப்பை நிறைவு செய்ய இயலாது. மதிப்புரையோ ஒருவர் ஒரு கேட்ரிட்ஜோடு சில நாள் அமர்ந்து எழுதும் வடிவம். வகுப்புத் தோழனிடம் எதைக் கொடுத்து எதைப் பெறுவது என்னும் பேரம் அவ்வடிவத்தின் கண்ணில் படுவதற்கு வழியே இல்லை.

பள்ளிக்கூட வட்டத்துக்குள் நுழைந்தது வேறொரு அச்சுப் பண்பாடு: ஷோகாகுகான் வெளியிடும் சிறுவர் மாத இதழான கொரோகொரோ. உருவாக்கத்தின் இறுதிக்கட்டத்தில், பிழைதிருத்தத்துக்கான நிரல்கள் நீக்கப்பட்டபின் சுமார் 300 பைட் இடம் மிஞ்சியது. ஷிகெகி மொரிமோட்டோ என்னும் நிரலாளர் அதில் 151ஆவது உயிரியாக ‘மியூ’வைச் செருகிவைத்தார். வீரர்களுக்குக் காட்டும் எண்ணமே இல்லை. ஏறத்தாழ ஒரு குறும்பு. நிரற்பிழையால் அது சிலரின் திரையில் தோன்ற, வதந்தி பரவிற்று. 1996 ஏப்ரலில் கொரோகொரோ ஒரு போட்டியை அறிவித்தது: தேர்ந்தெடுக்கப்படும் 20 வாசகர்களுக்கு மியூ வழங்கப்படும். வந்த விண்ணப்பங்கள் 78,000க்கு மேல். அதன்பின் முன்பு ஒரு மாதத்தில் விற்றது ஒரு வாரத்தில் விற்கத் தொடங்கியது என்றும், பிறகு அதுவும் மூன்று நான்கு மடங்காயிற்று என்றும் நின்டெண்டோவின் தலைவராக இருந்த சதொரு இவாதா பிற்காலத்தில் குறிப்பிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் நீலப் பதிப்பு கடைக்கு வரவில்லை. கொரோகொரோ வழியே அஞ்சலில்தான் கிடைத்தது. ஃபமிட்சு எதை மதிப்பிட்டதோ அதே நிரல்தான். ஆனால் கொரோகொரோ வாசகரின் கையில் அது வேறொரு பனுவல்.

அமெரிக்காவில் வரிசை தலைகீழாயிற்று. அங்கு 1998 செப்டம்பரில் தொலைக்காட்சித் தொடர் முதலில் வந்தது. சில வாரங்கழித்து, 28ஆம் தேதி, விளையாட்டு வந்தது. ஐஜிஎன் தளம் 1999இல் பத்துக்குப் பத்து அளித்தது. எளிய வரைகலை, மெலிந்த ஒலி என்னும் குறைகளை அமெரிக்கத் திறனாய்வாளர்களும் சுட்டவே செய்தனர். ஆனால் தீர்ப்பை அவை அசைக்கவில்லை. தெருவெங்கும் நடப்பது என்னவென்று தெரிந்தபின் எழுதப்பட்ட மதிப்புரைகள் இவை. ஐஜிஎன்னின் பத்தை ஃபமிட்சுவின் 29க்கு மறுப்பாக நிறுத்துவோர் இந்தக் காலவேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். விற்பனை மதிப்பெண்ணைப் பின்தொடர்வதாகவே எண்ணப் பழகியிருக்கிறோம். இங்கு மதிப்பெண்தான் விற்பனையைப் பின்தொடர்ந்தது.

ஆய்வுலகமும் தன் பங்குக்கு அவசரப்பட்டது. ஜோசப் டோபின் பதிப்பித்த ‘பிகாச்சூவின் உலகப் பயணம்’ என்னும் கட்டுரைத் தொகுதி 2004இல் ட்யூக் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. குழந்தைகள் இவ்விளையாட்டை எவ்வாறு தமதாக்கிக்கொண்டனர் என்பதில் இன்றும் பாடமாக வைக்கத்தக்க நூல் அது. ஆனால் அதன் துணைத்தலைப்பு ‘போக்கிமானின் எழுச்சியும் வீழ்ச்சியும்’. அலை வடிந்துவிட்டதாக அப்போது பலருக்கும் பட்டது. இரண்டாண்டு கழித்து, 2006இல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வந்த டயமண்ட், பேர்ல் பதிப்புகள் ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கு மேல் விற்றன. அவற்றில் கம்பி இல்லை. கம்பியில்லா இணைப்பு இருந்தது, கண்டம் கடந்தும் உயிரிகளை மாற்றிக்கொள்ள இணைய வசதி இருந்தது. ஒரு பதிப்பை மட்டும் வாங்கினால் தொகுப்பு நிறையாது என்னும் 1996இன் விதி மட்டும் மாறவில்லை.