38 பேரும் ஒரு ஜன்னல் குரலும்

உளவியல் படிக்கும் யாரைக் கேட்டாலும் கிட்டி ஜெனோவீஸ் கதையைச் சொல்வார்கள். 1964 மார்ச் 13, விடிவதற்கு முன். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், வேலை முடிந்து வீடு திரும்பிய 28 வயதுப் பெண்ணை ஒருவன் கத்தியால் குத்தி, வல்லுறவுக்கும் உட்படுத்திக் கொன்றான். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் எழுதியது: 38 பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், கொலை நடக்கும்போது ஒருவர்கூட போலீசுக்குப் போன் செய்யவில்லை!

கல்லூரிகளில் இன்று நடக்கும் "பார்த்தால் தலையிடு" பயிற்சிகளின் வேர் இந்தச் செய்திதான். வேடிக்கை என்னவென்றால், செய்தி பாதி தப்பு. பெரும்பாலோருக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இரண்டாவது தாக்குதல் கட்டடத்தின் பின்பக்க மாடிப்படி அடியில் நடந்தது. சோபியா ஃபரார் என்ற பக்கத்து வீட்டுப் பெண் கீழே ஓடிப்போய், குற்றுயிராய்க் கிடந்தவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். அந்தச் செய்தியில் குறைகள் இருந்ததை அந்தப் பத்திரிகையே 2016-ல் ஒப்புக்கொண்டது.

இன்னொன்று. முதல் தாக்குதலின்போது ஒருவர் ஜன்னலிலிருந்து அதட்டினார். கொலைகாரன் விலகி ஓடினான்! பிறகு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்தான். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். செய்தியைப் படித்த ஜான் டார்லி, பிப் லாடனே என்ற இரு உளவியலாளர்கள், மனிதர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று முடிவுகட்டாமல் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து இன்டர்காமில் பேசவிட்டார்கள். திடீரென ஒரு குரல் வலிப்பு வந்ததுபோல் திணறும். தனக்கு மட்டுமே கேட்கிறது என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உடனே உதவி தேடினார்கள். இன்னும் நாலு பேருக்கும் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். எழுந்திருக்காதவர்கள் அலட்சியமாக இல்லை, கை நடுங்க உட்கார்ந்திருந்தார்கள். 1968-ல் வெளிவந்த ஆய்வு இது. "நமக்கேன் வம்பு" என்பதைவிட "வேறு யாராவது போயிருப்பார்கள்" என்பதுதான் ஆளைக் கட்டிப்போடுகிறது.

இது கல்லூரிக்குள் வர 25 வருடம் ஆனது. அதுவரை பாலியல் வன்முறைத் தடுப்பு என்றால் பெரும்பாலும் பெண்களுக்கு அறிவுரை: இருட்டில் போகாதே, தனியாகப் போகாதே. (எங்கள் ஹாஸ்டல் கூட்டத்தில் இப்போதும் இதேதான். பையன்களுக்கு அன்றைக்கு மேட்ச்!) 1993-ல் பாஸ்டனின் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜாக்சன் காட்ஸ் விளையாட்டு வீரர்களிடம் பேச ஆரம்பித்தார். ஆண்களைக் குற்றவாளியாகப் பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். "உன் டீம் நண்பன் தப்பு செய்யப் போகிறான், நீ என்ன செய்வாய்?" என்று கேட்டால் வாய் திறப்பார்கள். பிறகு நியூ ஹாம்ப்ஷயர், கென்டக்கி பல்கலைக்கழகங்களில் இதைப் பாடத்திட்டமாகவே ஆக்கினார்கள். சண்டைக்குப் போக வேண்டும் என்றில்லை. போதையில் இருக்கும் பெண்ணை ஒருவன் இழுத்துப் போகிறானா? "டேய், உன் வண்டியை எடுக்கச் சொல்றாங்க" என்று பொய் சொல்லலாம். வேறு ஒருவரைக் கூப்பிடலாம். 2013-ல் அமெரிக்கச் சட்டமே இந்தப் பயிற்சியைக் கல்லூரிகளுக்குக் கட்டாயமாக்கியது.

பலன்? 2019-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பயிற்சி பெற்றவர்கள் தலையிடுவது கூடியிருந்தது. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் தாங்களே குற்றம் செய்வதை அது குறைத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆறு மாதத்தில் வேகமும் தேய்ந்துவிடுகிறது. வருடத்துக்கு ஒரு செமினார் போட்டுக் கணக்கு முடிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் இரவில் சைக்கிளில் போன இரண்டு ஸ்வீடன் மாணவர்கள், நினைவிழந்து கிடந்த பெண்மேல் ஒருவன் இருப்பதைக் கண்டார்கள். நின்றார்கள், அதட்டினார்கள். அவன் ஓடினான். இவர்கள் அதட்டியதோடு நிற்காமல் துரத்திப் பிடித்து, போலீஸ் வரும்வரை அமுக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பெண், பின்னாளில் தன் பெயரை வெளியிட்ட சானல் மில்லர், இரண்டு சைக்கிள்களை வரைந்து தன் படுக்கைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார்.