வாடகைக்கு வந்த ஒலி: இணுவில் திருவிழாக்களும் ஒலிபெருக்கித் தொழிலும்

யாழ்ப்பாணத்துக் கோவில்களின் மகோற்சவ விஞ்ஞாபனங்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு நெடுங்காலமாக உண்டு. பத்திரிகை அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் வந்து குவியும் அந்த மெல்லிய காகிதங்களை வரலாற்று ஆவணமாக எவரும் மதிப்பதில்லை. ஆனால், கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை ஒவ்வொரு நாளுக்கும் உரிய உபயகாரர் யார், மங்கள வாத்தியம் யார், சாத்துப்படி யார் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. கடைசியில் பெரும்பாலும் "ஒலி, ஒளி" என்றொரு வரியும் இருக்கும். அந்த ஒற்றை வரிக்குள் ஒரு தொழிலின் கதை அடங்கியிருக்கிறது.

இணுவிலை எடுத்துக்கொள்வோம். கந்தசுவாமி கோவில், பரராசசேகரப் பிள்ளையார் கோவில், செகராசசேகரப் பிள்ளையார் கோவில், சிவகாமி அம்மன் கோவில், காரைக்கால் சிவன் கோவில் என்று ஒரு சிறிய ஊருக்குள் எத்தனை கோவில்கள்! அவற்றுக்கு ஆண்டு தவறாமல் ஒலிபெருக்கி கட்டியவர்கள் அயலவர்களே. ஒரே வாடிக்கையாளர், ஒரே வீதி, ஒரே திருவிழா. அப்படியிருக்க, கருவிகளைக் கோவிலுக்கே ஒரேயடியாக விற்றுவிடாமல் ஏன் ஆண்டுதோறும் வாடகைக்கே கொடுத்துவந்தார்கள்? கோவிலும் ஏன் வாங்கிப் போடவில்லை? எளிய கேள்வி போலத் தோன்றும் இதற்கு விடை அவ்வளவு எளிதானதன்று.

இக்கேள்வி இணுவிலுக்கு மட்டும் உரியதன்று. 1915இல் கலிபோர்னியாவில் பீற்றர் ஜென்சனும் எட்வின் பிரிடமும் ஒலிபெருக்கியைப் பொதுமக்கள் முன் ஒலிக்கச் செய்தனர். அடுத்த பத்தாண்டுகளில் திரைப்படம் பேசத் தொடங்கியது. அப்போது அமெரிக்கத் திரையரங்குகளுக்கு ஒலிக்கருவி வழங்கிய வெஸ்ரேண் எலெக்ற்றிக் நிறுவனம், அதற்கென 1927இல் ஈ.ஆர்.பி.ஐ. என்ற கிளை நிறுவனத்தை அமைத்தது. அந்நிறுவனம் கருவிகளை விற்கவில்லை. நீண்டகாலக் குத்தகைக்கே கொடுத்தது. திரையரங்குக்காரர் முதலில் பெருந்தொகை கட்ட வேண்டும். பின்னர் வாரந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். உதிரிப் பாகங்களையும் அவர்களிடமே வாங்க வேண்டும். இவ்வளவு கொடுத்த பின்னரும் பெட்டி அவருக்குச் சொந்தமாகாது. இந்த ஏற்பாடு 1930களில் நீதிமன்றம் வரை சென்றது. 1937இல் அந்நிறுவனம் பராமரிப்புத் தொழிலைக் கைவிட்டபோது, அதில் பணியாற்றிய பொறியியலாளர்களே அல்ரெக் என்ற புதிய நிறுவனமாக அதனைத் தொடர்ந்தனர். கருவி யாருடையது என்ற வழக்கு ஒருபுறம் இருக்க, அதனைப் பேச வைக்க ஓர் ஆள் வேண்டும் என்ற உண்மை மாறவில்லை என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும்.

அங்கே வலிமை வழங்குபவரின் கையில் இருந்தது. இணுவிலில் அப்படியில்லை. இங்கே விடையின் முதற்பகுதி உபய முறையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் திருவிழாவின் செலவு கோவிலின் பொதுப் பணத்திலிருந்து மட்டும் போவதன்று. முதலாம் திருவிழா ஒரு குடும்பத்தினருடையது, சப்பறம் இன்னொரு குடும்பத்தினருடையது, தேர் வேறொரு பகுதியினருடையது என்று நாட்கள் பிரிந்திருக்கும். ஆகவே ஒலிபெருக்கிக்காரரின் உண்மையான வாடிக்கையாளர் கோவிலல்ல. ஓரிரவுக்கு மட்டும் பொறுப்பேற்கும் உபயகாரர். ஓரிரவுக்காரர் பெட்டி வாங்குவாரா? அதுமட்டுமன்று, நேற்றைய திருவிழாவுக்கு நான்கு கூம்பு கட்டியிருந்தால் இன்றைய திருவிழாவுக்கு ஆறு கட்ட வேண்டும் என்பது ஊரின் எழுதாத விதி. கோவிலுக்கென ஒரு நிலையான ஒலிக்கருவி இருந்திருந்தால் எல்லா நாட்களும் ஒரே சத்தமாக இருந்திருக்கும். உபயகாரர்கள் விரும்பியது அதையல்ல.

இரண்டாவது காரணம் பொருளாதாரம். 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெளியிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வராமற்போக, வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரரின் கையில் காசு புரண்டது. அந்தக் காசில் ஒரு பங்கு திருவிழாவுக்கு வந்தது. அதே கட்டுப்பாடு அம்பிளிபயரையும் மைக்கையும் கிடைத்தற்கரிய பொருட்களாக்கியது. செலவழிக்கப் பணம் உண்டு, வாங்கப் பொருள் இல்லை என்ற இந்த நிலையே வாடகைத் தொழிலின் பொற்காலம். இருக்கிற ஒரு செற்றைத் தச்சன் அடித்த மரப்பெட்டிக்குள் வைத்து, பழுதானால் தாமே பிரித்துத் திருத்தி, கோவில் கோவிலாகக் கொண்டு திரிந்தவர்களுக்கு அதை விற்பது முட்டையிடும் கோழியை விற்பதற்குச் சமம். 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்து ஜப்பானியக் கருவிகள் கடைகளில் நிறைந்த போதும் வாடகை முறை உடனே ஒழிந்துவிடவில்லை.

ஏனெனில் மூன்றாவது காரணம் அப்படியே இருந்தது. வாடகை என்று நாம் சொன்னது பெட்டிக்கான கூலியன்று. தென்னையிலும் பனையிலும் ஏறிக் கூம்பு கட்டுவது, வீதி நெடுக வயர் இழுப்பது, மழைத் தூறலுக்கு யூனிற் எரிந்துபோனால் நள்ளிரவில் மாற்றிப் பொருத்துவது, எந்த வேளைக்கு எந்தப் பாட்டுப் போடலாம் என்று அறிந்திருப்பது ஆகிய யாவும் அதனுள் அடக்கம். அதிகாலையில் பக்திப் பாடல், சுவாமி வீதிவலம் வருகையில் மௌனம், மேளக் கச்சேரிக்கு நாதஸ்வரத்தின் முன் ஒரு மைக், தவிலுக்குச் சற்றுத் தள்ளி இன்னொன்று. இந்த அறிவை விலைப்பட்டியலில் எழுத முடியாது.

மேளம் என்றதும் இணுவிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) இவ்வூரவர். இணுவில் விஸ்வலிங்கத்தின் மகன். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே ஒலியை வாடகைக்கு அமர்த்திப் பழகிய ஊர் இது. அச்சவாரம் கொடுத்து மேளம் பேசுவது எப்படியோ, அப்படியே லவுட்ஸ்பீக்கரும் பேசப்பட்டது. கோவிலுக்கு நாளாந்தப் பூசைக்கு ஒரு மேளம். திருவிழாவுக்கு வெளியிலிருந்து விசேட மேளம். காலப்போக்கில் ஒலிக்கருவியும் இதே வழியைத்தான் பின்பற்றியது. காலைப் பாட்டுக்கும் பூசை அறிவித்தலுக்கும் கோவிலுக்குச் சொந்தமாக ஒரு சிறிய செற். திருவிழாவுக்கு வாடகைச் செற். விற்பனையா, குத்தகையா என்ற கேள்விக்கு எந்தப் பொருளியல் நூலையும் படியாமலே ஊர் கண்டுபிடித்த விடை இது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டின் மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கும் பற்றறிக்கும் தடை விழுந்தது. மண்ணெண்ணெயில் ஓட்டிய ஜெனறேற்றர் ஒரு திருவிழாவைக் காத்தால் அதுவே பெரும் பேறு. கூம்புகள் மௌனமான அந்த ஆண்டுகளில் மேளம் மைக் இல்லாமல் நான்கு வீதிகளையும் நிறைத்ததைக் கேட்டவர்கள் நாங்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. சைக்கிளில் ஏற்றக்கூடியதே உடைமை என்றான அந்த இரவில், பாரமான ஒலிக்கருவி வைத்திருந்தவனின் முதல் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது. 1996இல் மக்கள் திரும்பிய பின்னரும் ஊரடங்கு காரணமாக இரவுத் திருவிழாக்கள் பகலுக்கு நகர்ந்தன. எந்தச் சொத்தையும் வைத்திருப்பவனே அதன் ஆபத்தையும் சுமக்கிறான் என்பதை இந்தத் தொழில் விலைகொடுத்துக் கற்றது. வாடகைக்கு எடுத்த உபயகாரருக்கு அந்த இழப்பு இல்லை.

2009இன் பின் நிலைமை தலைகீழானது. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்த உறவுகள் தாம் பிறந்த ஊர்க் கோவிலுக்கு எதையாவது செய்ய விரும்பினர். நிலையான ஒலி அமைப்பு அத்தகைய அன்பளிப்புகளுள் ஒன்று. 2013இல் தேசிய மின்வலை சுன்னாகம் வரை வந்து சேர்ந்தது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தி உயர் நீதிமன்றம் 2007இல் வழங்கிய கட்டளையும் கூம்புகளின் எண்ணிக்கைப் போட்டிக்கு நியாயமில்லாமற் செய்தது. இனி வாடகைக்காரர் எதற்கு என்று கேட்பது இயல்பே.

ஆனால் அன்பளிப்புக் கருவிகளின் பின்கதையையும் நான் பார்த்திருக்கிறேன். வாங்குவதற்குக் கொடுக்கும் கை, திருத்துவதற்குக் கொடுப்பதில்லை. இரண்டாம் ஆண்டு ஒரு சனல் வேலை செய்யாது. மூன்றாம் ஆண்டு வாகனசாலை மூலையில் எலி வயரைக் கடித்திருக்கும். நான்காம் ஆண்டு திருவிழாவுக்கு மீண்டும் வாடகைக்காரரைத் தேடுவார்கள். அதற்குள் அவர் கருவிகளை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார், அல்லது விமானம் ஏறியிருப்பார்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. நாளாந்தப் பூசைக்கு மேளகாரரை வைத்திருக்க இயலாத கோவில்களில் விசையை அழுத்தினால் முரசும் மணியும் தாமே அடிக்கும் மின் இயந்திரம் வந்துவிட்டது. ஒருமுறை வாங்கினால் மாதச் சம்பளம் இல்லை. கணக்கு சரிதான். தெட்சணாமூர்த்தியைத் தந்த ஊரின் அயலில் அந்தக் கணக்குச் செல்லுபடியாவதைத்தான் மனம் ஏற்க மறுக்கிறது.

உடைமை வேறு, பயன் வேறு என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையில் ஒற்றி பற்றிய விதிகள் உண்டு. நிலம் ஒருவருடையது, விளைவு இன்னொருவருடையது. ஒலிக்கும் இதே அறிவு பொருந்தும். கோவிலுக்குச் செற் வாங்கிக் கொடுக்க எண்ணும் புலம்பெயர் உறவுகள், அந்தத் தொகையில் ஒரு பகுதியை வைப்பிலிட்டு அதன் வட்டியில் ஊர்த் தொழிலாளி ஒருவருக்கு ஆண்டுப் பராமரிப்புக் கூலி கிடைக்கச் செய்யலாம். அப்போது கருவியும் இருக்கும், அதைத் தெரிந்த ஆளும் ஊரில் இருப்பார். விஞ்ஞாபனத்தின் கடைசி வரியில் ஒரு மனிதரின் பெயர் தொடர்ந்து அச்சாகும்.