வேப்பிலை செருகிய வாசல்

வெயிலும் மழையும் கள்வரும் உள்ளே வாராதபடி நம்மைக் காப்பதற்காகவே வீடு கட்டப்பெறுகிறது. ஆனால் கொள்ளைநோய் பரவும் நாள்களில் வீட்டின் கடமை தலைகீழாகிவிடுகிறது. அப்போது உள்ளே இருப்பவரிடமிருந்து ஊரைக் காக்கும் பொறுப்பும் அதன்மேல் விழுகிறது. நோயாளியோடு பழகிய ஒருவர், தமக்கு நோய் தொற்றியதா இல்லையா என்று அறியாத நிலையில், குறித்த சில நாள்கள் வாசற்படியைத் தாண்டாமல் வீட்டிலேயே இருப்பதைத்தான் நான் குறிப்பிடுகிறேன். காவிரி பாயும் தஞ்சை நாட்டில் இவ்வழக்கம் எவ்வாறு இருந்தது, எதனால் வென்றது, எதனால் தோற்றது என்பதைப் பற்றி மாணவ நண்பர்களாகிய உங்களோடு சற்றுச் சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். நோய் கண்டவரைப் பிரித்து வைப்பது ஒன்று. நோய் காணாதவராயினும், கண்டவரோடு பழகியமையால் ஐயத்திற்குரியவரை நிறுத்தி வைப்பது மற்றொன்று. பின்னதற்கே ‘குவாரன்டைன்’ என்று பெயர். நாற்பது என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. 1377-ஆம் ஆண்டில் ஏட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள ரகூசா நகரத்தார், பிளேக் நோயுள்ள இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே தங்கிய பின்னரே ஊருக்குள் வரலாம் என்று விதித்தனர். பின்னர் முப்பது நாற்பதாயிற்று. கிருமி என்ற ஒன்று உண்டென்பதை அந்நாளில் எவரும் அறியார். எனினும், நோய் வெளிப்படுவதற்குச் சில நாள்கள் வேண்டும், அந்நாள்கள் கழிந்தால் அச்சமில்லை என்பதை அனுபவத்தால் கண்டிருந்தார்கள்.

சட்டம் எழுதாமலே நம் நாட்டுச் சிற்றூர்கள் இதனை ஒத்த ஒரு முறையைக் கைக்கொண்டிருந்தன. பெரியம்மை கண்ட வீடுகளைப் பற்றி என் பாட்டியார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று தெரிந்தவுடன் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவார்கள். தெருவில் வருவோர்க்கு அதுவே அறிவிப்பு. வெளியூரிலிருந்து வந்தவர் அவ்வீட்டினுள் நுழையமாட்டார். வீட்டுத் துணிகளைச் சலவைக்குப் போடமாட்டார்கள். அடுப்பில் தாளிப்பு இராது. இளநீரும் நீர்மோரும் கூழுமே உணவு. ஒற்றைப்படை நாள்களில் நோயாளிக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டு, கடைசித் தண்ணீர் ஆன பிறகே அவ்வீட்டார் பழையபடி ஊரோடு கலப்பர். நோயை ‘அம்மை’ என்று அழைத்த மக்கள், நோய் கண்ட வீட்டைத் தாய் வந்து தங்கிய வீடாகக் கருதினர். ஆகையால் அவ்வாசலைக் கண்டு அஞ்சியவர்களும் அதனை இகழவில்லை. பக்கத்து வீட்டார் வேண்டிய பொருளைத் திண்ணையில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்து நகர்வார்கள்.

இதன் குறைகளையும் மறைத்தல் ஆகாது. அம்மை கண்ட குழந்தையும் காணாத குழந்தையும் ஒரே கூடத்தில் படுத்துறங்கின. 1796-இல் ஜென்னர் கண்டறிந்து, 1802-இல் இந்தியாவிற்கு வந்த அம்மை குத்தும் முறையை, தெய்வத்தை எதிர்க்கும் செயல் எனக் கருதி மறுத்தவர் பலர். வேப்பிலை வாசலைக் காத்ததேயன்றி, உள்ளே இருந்த உயிரைக் காக்கப் போதவில்லை. பிழைத்தவர்களின் நன்றி எத்தகையது என்பதற்கு வலங்கைமான் மகாமாரியம்மன் திருவிழா இன்றும் சான்று பகர்கிறது. கொடிய நோயிலிருந்து மீண்டவர், இறந்தவரைப் போலப் பாடையில் படுத்து, உறவினர் சுமக்கக் கோயிலுக்கு வரும் பாடைக் காவடி அங்கு எடுக்கப்படுகிறது. சாவின் வாயில்வரை சென்று திரும்பியவன் ஊரின் முன்னிலையில் மீண்டும் உயிர் பெறும் காட்சி அது.

இனி, தஞ்சை நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலைக் காண்போம். இங்குள்ள வீட்டிற்கு வாசல் ஒன்றன்று, இரண்டு. முன்வாசல் தெருவை நோக்கும். கொல்லை வாசலோ, பல ஊர்களில், ஆற்றை அல்லது வாய்க்காலை நோக்கும். முன்வாசலை வேப்பிலை மூடியது; கொல்லை வாசலை எவர் மூடுவது? 1817-இல் வங்காளத்து ஜெஸ்ஸோரில் கொள்ளைநோயாக வெடித்த வாந்திபேதி அடுத்த ஆண்டிலேயே சென்னை மாகாணத்துள் புகுந்தது. குளிப்பதும் துவைப்பதும் பாத்திரம் துலக்குவதும் குடிநீர் முகப்பதும் ஒரே நீரில் நிகழ்ந்த நாட்டில், மேல்மடையில் அலசிய நோயாளியின் துணி கீழ்மடை ஊருக்கு நஞ்சாயிற்று. வாந்திபேதிக்கும் நீருக்கும் உள்ள தொடர்பை 1854-இல் இலண்டனில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். 1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் அதன் கிருமியை ஆராய்ந்து, குளத்து நீரிலும் அதனைக் கண்டார். வயலுக்கு உயிர் தரும் வாய்க்காலே உயிரை வாங்கவும் கூடும் என்பதை அறிந்த பிறகுதான், காய்ச்சிய நீரும் காப்பிட்ட கிணறும் குழாய்நீரும் கதவடைப்பைவிடப் பெரிய அரண் என்பது விளங்கியது. நோய் எவ்வழி செல்கிறது என்று அறியாமல் கதவை மட்டும் மூடுவதால் பயனில்லை.

1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. 1897-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. அதுவரை ஊர் வழக்கமாக இருந்த ஒதுங்கல் இப்போது அரசின் ஆணையாயிற்று. புனா நகரில் படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து சோதித்தனர். நோயாளிகளையும் அவர்களோடு பழகியவர்களையும் முகாம்களுக்குக் கொண்டு சென்றனர். மக்களின் சினம் பொங்கி, பிளேக் அதிகாரியாகிய ராண்டு 1897 ஜூன் மாதத்தில் சுடப்பட்டார். அதே நகரில், அதே ஆண்டில், பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டு செய்த சாவித்திரிபாய் புலே அந்நோய்க்கே இரையானார் என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்ள வேண்டும். நோயாளியை அணுகும் வழி இரண்டு உண்டு என்பதை அந்நகரின் ஓராண்டு வரலாறு காட்டுகிறது.

சென்னை மாகாணத்தில் வேறொரு முறை வழங்கியது. நோயுள்ள பகுதியிலிருந்து இரயிலில் வருவோர்க்குப் ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்னும் சீட்டு வழங்கினர். அதனைப் பெற்றவர் தம் ஊர் சென்று தம் வீட்டிலேயே தங்கலாம். ஆனால் பத்து நாள் வரை அதிகாரிகளின் பார்வைக்கு உட்பட வேண்டும். முகாமைவிட இது மென்மையானதே. எனினும் பிளேக்கைப் பரப்புவது எலியும் அதன்மேல் வாழும் தெள்ளுப்பூச்சியும் என்பதை 1898-இல் சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கூறினார். உலகம் அதனை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. எலிக்குச் சீட்டுக் கொடுப்பாரில்லை. தடை பெரியோரையும் விடவில்லை. 1897 பிப்ரவரியில் கும்பகோணத்தில் பேருரை நிகழ்த்திய சுவாமி விவேகானந்தர், 1899 ஜூனில் கல்கத்தாவிலிருந்து கப்பலில் சென்னை வந்தபோது, பிளேக் விதியின் காரணமாகக் கரையிறங்க இயலவில்லை. அன்பர்கள் படகேறிச் சென்று கப்பலில் நின்ற அவரைக் கண்டனர்.

ஒதுக்கத்திற்கு எல்லை நாள் ஒன்று வேண்டும். அந்நாள் நேர்மையாகக் குறிக்கப்பெறவும் வேண்டும். 1896 டிசம்பரில் காந்தியடிகள் பயணம் செய்த கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. பம்பாயில் பிளேக் என்பதைக் காட்டி முதலில் சில நாள் என்றனர். பிறகு நாள்களை நீட்டிக்கொண்டே சென்று, மூன்று வாரங்களுக்கு மேல் கப்பலைக் கடலிலேயே நிறுத்தி வைத்தனர். கரையில் இருந்த வெள்ளையர் இந்தியர்களைத் திருப்பி அனுப்பக் கூட்டம் கூட்டி முழங்கிக்கொண்டிருந்தனர். நோயைத் தடுக்க வந்த விதி வெறுப்புக்குக் கருவியாகிவிட்டால், அதன்பின் எவரும் அதனை நம்பமாட்டார்.

வீட்டில் தங்கியிரு என்று கூறும்போது, அவருக்கு வீடு ஒன்று உண்டா என்றும் கேட்க வேண்டுமல்லவா? தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் பிழைப்பைத் தேடி இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர், 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், மண்டபம் முகாமில் சில நாள்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, அம்மை குத்தப்பெற்ற பிறகே கடல் கடந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவிற்குச் சென்றவர்களுக்கும் அக்கரையில் இத்தகைய காவல் காத்திருந்தது. பினாங்கின் அருகே ஜெரஜாக் தீவில் அதற்கென்றே நிலையம் இருந்தது. இன்றும் இராமேசுவரத்திற்கு இரயிலில் செல்வோர் ‘மண்டபம் கேம்ப்’ என்னும் நிலையப் பெயரைக் காணலாம். அந்த முகாம் என்ற சொல்லுக்குள் பல்லாயிரம் ஏழைகளின் காத்திருப்பு அடங்கிக் கிடக்கிறது.

1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் அத்துறையில் தோன்றிய முதல் முழுமையான சட்டம் அதுவே. ஆனால் சட்டத்தைவிடச் சிறந்த பாடத்தைப் பெரியம்மை ஒழிப்பு நமக்குக் கற்பித்தது. 1974, 1975-ஆம் ஆண்டுகளில் வட இந்தியாவில் நோய் கண்ட வீடுகளின் முன்வாயிலிலும் பின்வாயிலிலும் காவலர்களை அமர்த்தினர். உள்ளே வருவோர் எவராயினும் அம்மை குத்திக்கொண்டே வர வேண்டும். அதோடு நில்லாமல், வெளியே சென்று உழைக்க இயலாத அக்குடும்பத்திற்கு உணவு கிடைக்கவும் ஏற்பாடு செய்தனர். நோயை மறைப்பதற்கு மாறாக அறிவிப்பவர்க்குப் பரிசும் கொடுத்தனர்.

அம்முறையின் இறுதி வெற்றி மற்றொரு கழிமுகத்தில் கிட்டியது. 1975 அக்டோபரில் வங்காளதேசத்தின் போலா தீவில் ரஹீமா பானு என்னும் சிறு குழந்தைக்குப் பெரியம்மை கண்டது. அதனை அறிவித்தவள் எட்டு வயதுச் சிறுமி; அவளுக்கு 250 டாக்கா பரிசு கிடைத்தது. குழந்தை தன் வீட்டிலேயே வைக்கப்பட்டாள். இரவும் பகலும் காவல் இருந்தது. சுற்றுப்புறத்தில் வீடு வீடாக அம்மை குத்தினர். கொடிய வகைப் பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி மனித உயிர் அக்குழந்தையே, அவள் பிழைத்தாள். 1980 மே மாதத்தில் உலகில் பெரியம்மை ஒழிந்தது என்று உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. பன்னெடுங்காலம் மனித இனத்தை வதைத்த ஒரு நோய், ஓர் எளிய குடிசையின் வாசலில் நின்றுவிட்டது!

2020-இல் கொரோனா வந்தபோது இப்பாடங்கள் அனைத்தும் மீண்டும் தேவைப்பட்டன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து குடமுருட்டிக் கரையிலுள்ள எங்கள் ஊருக்கு வந்த நான், 14 நாள் வீட்டினுள் தங்கினேன். கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் நாள்தோறும் பாலைத் திண்ணையில் வைத்துவிட்டு, ‘தம்பி, எடுத்துக்கொள்’ என்று குரல் கொடுப்பார். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. நாற்றங்கால் வேலை நடக்கும் ஓசை சன்னல் வழியே என் காதில் விழுந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அடுத்த தெருவில் நடவுக் கூலியை நம்பி வாழும் ஒரு குடும்பத்தின் கதவிலும் அதே அறிவிப்பு ஒட்டப்பட்டது. அவர்களுடைய சிறுவன் அடிகுழாய்க்கு வந்தபோது குடத்தோடு திருப்பி அனுப்பப்பட்டான். குறுவை நடவு நாள்களில் 14 நாள் கூலியை இழப்பது அக்குடும்பத்திற்கு ஆண்டின் பெரும் இழப்பு. இதைக் கண்ட வேறு சிலர், தமக்குக் காய்ச்சல் வந்தபோது வாய் திறவாமல் வயலுக்குச் சென்றனர் என்று பின்னர் அறிந்தேன். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அரசு குடும்ப அட்டைக்கு 1000 ரூபாயும் விலையில்லா அரிசியும் வழங்கியது உண்மை. பல ஊர்களில் இளைஞர்கள் பொருள்களை வாசலிற் சேர்த்ததும் உண்மை. எங்கே அந்த உதவி சென்றதோ அங்கே கதவுகள் மூடியிருந்தன. எங்கே இகழ்ச்சி சென்றதோ அங்கே நோய் மறைக்கப்பட்டது.

ஒன்றை அழுத்தமாகக் கூற விரும்புகிறேன். தொற்றுக்காக விலகியிருத்தல் வேறு, தீண்டாமை வேறு. முன்னதற்குக் காரணம் உண்டு, கணக்கிட்ட நாள் உண்டு, முடிவு உண்டு; செல்வர்க்கும் வறியர்க்கும் அது ஒன்றே. பின்னதற்குக் காரணமும் இல்லை, முடிவும் இல்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு அதனைக் குற்றமென்று ஒழித்தது. நோயின் பெயரால் அப்பழைய வழக்கம் மீண்டும் தலையெடுக்க இடந்தருதல் கூடாது. நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்ற நாட்டில் அதற்குச் சிறிதும் இடமில்லை.

வீட்டில் ஒதுங்கியிருத்தல் என்பது வீட்டிற்கும் தெருவிற்கும் இடையே நிகழும் ஓர் ஒப்பந்தம். ‘நான் வெளியே வரமாட்டேன்’ என்பது வீடு தரும் வாக்கு. ‘உன்னைப் பசிக்க விடமாட்டேன், இகழமாட்டேன், குறித்த நாளில் உன்னை மீண்டும் அழைத்துக்கொள்வேன்’ என்பது தெரு தரும் வாக்கு. ஒரு பக்கம் வாக்குத் தவறினால் மறுபக்கமும் தவறும். இனி எந்நோய் வந்தாலும், அறிவியல் அதற்குரிய நாள்களை எண்ணிச் சொல்லும். மருந்தையும் தேடித் தரும். திண்ணையில் ஒரு குடம் நீரை வைத்துக் குரல் கொடுக்கும் பொறுப்பு உங்களைப் போன்ற இளைஞர்களைச் சார்ந்தது.