கடவுச்சீட்டும் போர்க்காலச் சட்டமும்

ஐதராபாத் நிசாம் ஆட்சியில் அலுவல்மொழியாக விளங்கிய உருதுவில் கடவுச்சீட்டைப் 'பர்வானா-இ-ராஹ்தாரி' என்பர். 'ராஹ்' என்பது வழி. 'பர்வானா' என்பது அரசாணை. தமிழ்ச் சொல்லிலும் 'கடவு' வழியையே குறிக்கிறது. இரு சொற்களிலும் புறப்பட்டுச் செல்வோனே முன்னிற்கிறான். சட்டமோ நெடுங்காலம் உள்ளே வருவோனை மட்டுமே கருதியது.

முதல் உலகப்போருக்கு முன்னர் இந்தியர் கடல்கடக்கக் கடவுச்சீட்டு பொதுவாகக் கட்டாயமில்லை. 1915ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நாட்டைவிட்டு வெளியேறவும் உள்நுழையவும் அது கட்டாயமாயிற்று. போருக்குப்பின் அச்சட்டம் காலாவதியானது. 1920இல் இயற்றப்பட்ட இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் நுழைவை மட்டுமே நெறிப்படுத்தியது. வெளியேற்றத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் கடவுச்சீட்டு இல்லாதவரைக் கப்பலும் விமானமும் ஏற்றிச்செல்வதில்லை. அதைத் தருவதும் மறுப்பதும் அரசின் விருப்பமாகவே இருந்தது. போர்க்காலக் கட்டுப்பாடு, அதனைத் தோற்றுவித்த சட்டம் மறைந்தபின்னும் வழக்காக எஞ்சியது எனலாம்.

இவ்வழக்கு சுதந்திர இந்தியாவிலும் தொடர்ந்தமை வியப்புக்குரியது. 1966இல் வணிகர் ஒருவரிடம் அவருடைய கடவுச்சீட்டுகளைத் திருப்பித்தருமாறு அரசு ஆணையிட்டது. இறக்குமதி உரிமம் தொடர்பான விசாரணை காரணமாகக் காட்டப்பட்டது. அவர் உச்சநீதிமன்றத்தை நாடினார். 1962ஆம் ஆண்டுச் சீனப்போரையொட்டி அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலை அப்போதும் நீக்கப்படவில்லை. 1967 ஏப்ரல் 10 அன்று தலைமை நீதிபதி கே. சுப்பாராவ் தலைமையிலான அமர்வு, மூவர் இசைவும் இருவர் மறுப்புமாகத் தீர்ப்பளித்தது. வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு கூறும் தன்னுரிமையுள் அடங்கும். சட்டத்தின் துணையின்றி அதனைப் பறித்தல் இயலாது என்பதே அதன் சாரம். சுப்பாராவ் 1956இல் ஐதராபாத்தில் அமைந்த ஆந்திரப்பிரதேச உயர்நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியாக இருந்தவர். தீர்ப்பின் மறுநாளே பதவி துறந்து, குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிடச் சென்றார்.

அதன்பின்னரே அரசு விழித்துக்கொண்டது. மே மாதம் அவசரச்சட்டமும் ஜூன் 24இல் கடவுச்சீட்டுகள் சட்டமும் வந்தன. மறுப்பதற்கான காரணங்கள் முதன்முறையாக எழுத்தில் வகுக்கப்பட்டன. போர் அதிலும் இடம்பெற்றது. இந்தியாவைத் தாக்கும் நாடு, அதற்குத் துணைநிற்கும் நாடு, ஆயுதமோதல் நிகழும் நாடு ஆகியவற்றுக்குச் செல்லக் கடவுச்சீட்டு செல்லாது என அறிவிக்க 19ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. 2017இல் ஏமனுக்குச் செல்வோர்மீது விதிக்கப்பட்ட தடை அத்தகையது.